ஐசி நகலை வாங்கிக்கொண்டு போனவர் யார்?

வாசகியின் கேள்வி: நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருந்தவர்கள். இப்போது தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் இருக்கிறோம். நான் ஃபேக்டரி வேலைக்குப் போகிறேன். போன மாதம் எங்கள் பகுதித் தலைவர் ஒருவர் வீடு வீடாக வந்தார். ஐசி (அடையாள அட்டை) நகலும் 10 வெள்ளியும் (ரிங்கிட்) வாங்கிக்கொண்டு ஒரு பாரத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார். சேர்ந்தால் அம்மாவுக்கு முதியோர் உதவித்தொகை சீக்கிரம் கிடைக்கும், வீட்டு முன்னால் உடைந்து கிடக்கும் லோங்காங்கும் (கால்வாயும்) சரியாகும் என்றார். எந்தக் கட்சி என்றுகூட நான் பார்க்கவில்லை. இனி அந்தக் கட்சிக்குத்தான் ஓட்டுப் போட வேண்டுமா? பள்ளிக்கூடத்தில் பியூனாக இருக்கும் தம்பியும் கையெழுத்துப் போட்டுவிட்டான். அவன் வேலைக்கு ஏதும் வருமா? உண்மையில் ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற ஆசை எனக்கு உண்டு. கட்சியில் சேரலாமா, வேண்டாமா?

பதில்: சகோதரி, ஓட்டைப் பற்றிய பயத்தை முதலில் விடுங்கள். உறுப்பினர் பாரம் வேறு, ஓட்டு வேறு. கட்சியின் பட்டியல் கட்சி அலுவலகத்தில் இருக்கிறது. வாக்காளர் பட்டியல் தேர்தல் ஆணையத்திடம் இருக்கிறது. ஒன்றில் பெயர் இருப்பதால் மற்றதில் எதுவும் மாறாது. 2021 டிசம்பர் 15 முதல், 18 வயது நிரம்பிய மலேசியக் குடிமக்கள் தாமாகவே வாக்காளர்கள் ஆகிவிடுகிறார்கள். அதற்கு எந்தத் தலைவரும் பாரம் நிரப்பித் தர வேண்டியதில்லை. சாவடித் தடுப்புக்குள் நீங்கள் மட்டும்தான் நிற்பீர்கள். "யாருக்குப் போட்டாய் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும்" என்று ஒருவர் சொன்னால் அது உங்களை மிரட்டச் சொல்லும் பொய்.

இதோடு ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். லயத்தை விட்டு வந்த பலருக்கு ஐசியில் இன்னும் தோட்டத்து முகவரிதான் இருக்கிறது. ஓட்டும் அங்கேயே கிடக்கிறது. தேசியப் பதிவு இலாகாவில் முகவரியை மாற்றிவிட்டால் ஓட்டும் கூடவே வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். தொகுதி மாற்றத்துக்குத் தேர்தல் ஆணையத்திடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். கைப்பேசியிலேயே செய்யலாம். காசு கிடையாது.

இனி அந்தத் தலைவரிடம் வருவோம். நம் தாத்தா காலத்துக் கங்காணியை நினைவிருக்கிறதா? ஊரிலிருந்து ஆள் பிடித்து வந்தவர். எத்தனை தலை வேலைக்கு இறங்கியதோ அத்தனை தலைக்குக் காசு. தலைக்காசு என்றே அதற்குப் பெயர். 1938இல் இந்திய அரசு தடை போட்டதோடு அந்த ஆள்பிடிப்பு முடிந்தது என்று வரலாற்றுப் புத்தகம் சொல்லும். என் கண்ணுக்கு அது முடியவில்லை. அரசியல் கட்சிகளில் கிளை, தொகுதி, மாநிலம், மத்திய செயலவை என்று படிகள் உண்டு. ஒரு கிளையில் எத்தனை உறுப்பினர் என்பதை வைத்துத்தான் பல கட்சிகளில் மேல்மட்டத்துக்கு எத்தனை பேராளர் போகலாம் என்று முடிவாகிறது. பேராளர்கள் ஓட்டுப் போட்டுத்தான் பதவிகள் நிரம்புகின்றன. ஆகவே 150 ஐசி நகல் கையில் வைத்திருப்பவருக்கு மேலே மதிப்பு. அந்த 150 பேர் யார், கூட்டத்துக்கு வந்தார்களா என்று கேட்பார் கிடையாது.

ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். நானும் பல ஆண்டு ஒரு கட்சியின் கிளைச் செயலாளராக இருந்தவன். கோவில் மண்டபத்தில் ஆண்டுக்கூட்டம். வருகைப் புத்தகத்தில் 112 கையெழுத்து. பாதிக்கு மேல் ஒரே நீலப் பேனா, ஒரே சாய்வு. வாங்கி வந்த மீகூன் பொட்டலம் 40, அதிலும் ஏழு மீந்து போனது. அந்தப் புத்தகத்தை மேலே அனுப்ப மாட்டேன் என்றேன். அடுத்த ஆண்டு நான் செயலாளர் இல்லை. மீந்த பொட்டலங்களை வீட்டுக்குக் கொண்டுபோய் நானும் மனைவியும் இரண்டு வேளை சாப்பிட்டோம்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. அந்த ஆளிடமே போய், எந்தக் கட்சி, எந்தக் கிளை, 10 வெள்ளிக்கு ரெசிட் எங்கே என்று கேளுங்கள். ரெசிட் தராவிட்டால் பணம் கட்சிக்குப் போகவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். கட்சியின் பெயர் தெரிந்ததும் தலைமையகத்துக்கே எழுதிக் கேளுங்கள், உங்கள் ஐசி எண் உறுப்பினர் பட்டியலில் இருக்கிறதா என்று. விலக விரும்பினால் ஒரு பக்கக் கடிதம் போதும்: பெயர், ஐசி எண், இன்ன தேதியிலிருந்து விலகுகிறேன், கையெழுத்து. தலைமையகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் சீட்டை நகலோடு பின் குத்தி வையுங்கள். கிளைத் தலைவர் கையில் மட்டும் கொடுக்காதீர்கள். அவர் மேசை இழுப்பறையில் எத்தனையோ விலகல் கடிதங்கள் தூங்குகின்றன. நீங்கள் கையெழுத்தே போடாத இடத்தில் உங்கள் பெயர் இருந்தால் கதை வேறு. அப்போது போலீஸ் புகார் செய்து, அதன் நகலையும் கடிதத்தோடு இணையுங்கள்.

அவசரமாக விலக வேண்டுமா என்றால், இல்லை. ஆனால் பெரும்பாலான கட்சிகளின் சட்டவிதி, வேறு கட்சியில் இருப்பவரை ஏற்றுக்கொள்ளாது. நாளைக்கு உங்களுக்குப் பிடித்த கட்சியில் சேரப் போகும்போது இந்தப் பாரம் குறுக்கே நிற்கும். அதற்காகவே துடைத்துவிடுங்கள்.

இனிமேல் யாருக்கு ஐசி நகல் கொடுத்தாலும் அதன் குறுக்கே இரண்டு கோடு இழுங்கள். கோடுகளுக்கு நடுவில் எதற்காகக் கொடுத்தீர்களோ அதை எழுதுங்கள், "உந்தோக் துஜுவான்" இன்னது "சஹாஜா" என்று, அதாவது இன்ன நோக்கத்துக்கு மட்டும் என்று. கீழே தேதி. எழுத்து ஐசி எண் மேலேயே ஏறியிருக்கட்டும். பேங்கில் கேட்டாலும் இப்படியே செய்யுங்கள். வெறும் நகலை நீட்டுவது, கையெழுத்துப் போட்ட வெற்றுக் காகிதத்தை நீட்டுவதற்குச் சமம். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது, ஆனாலும் சொல்வேன்.

அம்மாவின் உதவித்தொகைக்கும் கட்சிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது சமூக நல இலாகாவின் வேலை. அம்மாவின் ஐசி, பேங்க் புத்தகம், வீட்டு வருமான விவரம் எல்லாம் எடுத்துக்கொண்டு மாவட்ட அலுவலகத்துக்கு நீங்களே போங்கள். பாரத்தில் கட்சி என்ற கட்டம் கிடையாது. "நான் போட்டுத் தருகிறேன், முதல் மாதப் பணத்தில் கொஞ்சம் எனக்கு" என்று ஒருவர் வருவார். அவரை வாசலோடு அனுப்புங்கள். பிறப்புப் பத்திரம், சிவப்பு ஐசி (நிரந்தரவாசி அட்டை) விஷயத்தில் இப்படிப்பட்டவர்களிடம் நூற்றுக்கணக்கில் கொடுத்துவிட்டு, இலாகாவில் விண்ணப்பமே பதிவாகாமல் திரும்பி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கால்வாய் விஷயம் கொஞ்சம் சிக்கல். நம் நாட்டில் ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது. பிறகு 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் அதை ஒரேயடியாக மூடிவிட்டது. நகராண்மைக் கழக உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது, பெரும்பாலும் ஆளும் கட்சிகள் கொடுக்கும் பெயர்களிலிருந்து. உங்கள் வீட்டு முன் ஓடும் கால்வாய்க்குப் பொறுப்பானவரை நீங்கள் தேர்ந்தெடுக்கவே முடியாது. அந்த இடைவெளியில்தான் இந்தப் 'பகுதித் தலைவர்கள்' முளைக்கிறார்கள். அறுபது ஆண்டாக இதைச் சரி செய்ய எந்த அரசாங்கத்துக்கும் நேரம் கிடைக்கவில்லை.

ஆனாலும் வழி இருக்கிறது. உங்கள் தாமான் கோலகங்சார் நகராண்மைக் கழகத்தின் கீழ் வருவது. உடைந்த இடத்தைப் படம் எடுத்து, லோரோங் (சந்து) எண்ணோடு எழுத்துப்பூர்வமாகப் புகார் செய்து, புகார் எண் வாங்குங்கள். ஒரு நகல் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்கு. அவர் எந்தக் கட்சியானாலும் சரி, நீங்கள் எந்தக் கட்சியானாலும் சரி. நகராண்மைக் கழகத்தின் முழுக் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது என்று அதே 1976 சட்டம் சொல்கிறது. மூடிய கூட்டமாக நடத்துவதென்றால் அவர்கள் தீர்மானம் போட வேண்டும். போய் உட்கார்ந்து பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? இன்னும் லயத்திலேயே இருக்கும் உறவினர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. தோட்டம் தனியார் நிலம். அங்கே வீடு, தண்ணீர், கால்வாய் எல்லாம் முதலாளியின் கடமை, தொழிலாளர் குடியிருப்பு வசதி பற்றிய 446ஆம் சட்டப்படி. புகாரைத் தொழிலாளர் இலாகாவுக்குக் கொண்டுபோக வேண்டும்.

தம்பி விஷயத்தில் நிதானமாகப் படியுங்கள், இதில்தான் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அரசு ஊழியர்களுக்கு 1993ஆம் ஆண்டு ஒழுங்கு விதிகள் உண்டு. உயர் அதிகாரிகள் போன்ற நிர்வாக, நிபுணத்துவப் பிரிவினர் கட்சி வேலையில் இறங்கக் கூடாது. பியூன், கிராணி போன்றவர்கள் ஆதரவுப் பிரிவு. அவர்களும் கட்சியில் பதவி வகிக்கவோ தேர்தலில் நிற்கவோ வேண்டுமானால் முன்கூட்டியே எழுத்துப்பூர்வ அனுமதி வாங்க வேண்டும். அனுமதி வந்த பிறகுதான் பதவி. பதவிக்கு வந்த பிறகு அனுமதி கேட்கக் கூடாது. சாதாரண உறுப்பினராக மட்டும் இருப்பதை விதி தடுக்கவில்லை. ஆனால் சேர்ந்ததும் இலாகாத் தலைவருக்குத் தெரிவிக்க வேண்டும். பள்ளி என்றால் தலைமையாசிரியரிடம் கடிதம் கொடுத்து, நகலில் சாப் (முத்திரை) அடித்து வாங்கிக்கொள்ளட்டும். இந்தக் கடிதத்தைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். பிறகு யாருக்காவது பொறாமை வந்து மொட்டைக் கடிதம் போட்டால் அகப்படுகிறார்கள். இன்னொன்றையும் பாருங்கள். தம்பியின் சம்பளச் சீட்டில் யார் பெயர் இருக்கிறது? பள்ளியில் கூட்டிப் பெருக்குபவர், ஜாகா (காவல்) பார்ப்பவர் பலர் குத்தகைக் கம்பெனியின் ஆட்கள். பள்ளியில் வேலை செய்தாலும் அவர்கள் அரசு ஊழியர்கள் அல்லர், இந்த விதி அவர்களைக் கட்டாது. நியமனக் கடிதம் அரசாங்கத்திடமிருந்து வந்திருந்தால்தான் நான் சொன்னதெல்லாம்.

கடைசியாக, சேரலாமா என்று கேட்டீர்கள். சேருங்கள். நம்மவர்கள் ஒதுங்கி நின்றதால்தான் தரகர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். உங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1974 முதல் 2008 வரை நாடாளுமன்றத்தில் சுங்கை சிப்புட் என்றால் மலேசிய இந்தியர் காங்கிரஸின் டத்தோ ஸ்ரீ சாமிவேலுதான். 2008இல் அவரைத் தோற்கடித்த டாக்டர் ஜெயக்குமார் தேவராஜ், மலேசிய சோசலிசக் கட்சிக்காரர், நின்றதோ பி.கே.ஆர். என்ற வேறொரு கட்சியின் சின்னத்தில். காரணம், 1998இல் பதிவுக்கு விண்ணப்பித்த அவருடைய கட்சிக்குப் பதிவு கிடைக்கவே பத்து ஆண்டு ஆயிற்று. 'நாமே ஒரு கட்சி தொடங்கிவிடலாம்' என்று கோப்பிக் கடையில் பேசுகிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

எந்தக் கட்சி என்பது உங்கள் மனசு. நுழையும் வழியை மட்டும் நான் சொல்கிறேன். பாரத்தை நீங்களே கட்சியின் இணையப் பக்கத்திலோ தொகுதி அலுவலகத்திலோ நிரப்புங்கள். கிளையின் ஆண்டுக்கூட்டத் தேதியை எழுதி வாங்குங்கள். அந்தக் கூட்டத்தில் கணக்கறிக்கையைக் கேளுங்கள், ஒரே ஒரு கேள்வி போதும். வருகைப் புத்தகத்தில் உங்கள் பெயருக்கு நேரே ஏற்கெனவே கையெழுத்து இருந்தால் அங்கேயே எழுந்து சொல்லுங்கள், கூட்டக் குறிப்பில் ஏறட்டும். ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டே போங்கள்: சங்கங்கள் சட்டத்தின் 18சி பிரிவின்படி கட்சியின் உள்விவகார முடிவுகளை எதிர்த்து நீதிமன்றம் போக முடியாது. கட்சி சொன்னதே கடைசி வார்த்தை. அம்னோ கட்சியின் உட்சண்டை நீதிமன்றத்தில் நாறிய பிறகு கொண்டுவந்த பிரிவு அது. மேலே இருப்பவர்களுக்கு வசதி. கிளையில் இருக்கும் உங்களுக்குக் கூட்டக் குறிப்பு ஒன்றுதான் சாட்சி.

வேட்பாளரை நீங்கள் தேர்ந்தெடுப்பீர்கள் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். அது தலைமை கொடுக்கும் கடிதத்தில் முடிகிற காரியம். கிளையில் ஒரு பொருளாளர் பதவி காலியாக இருக்கும், யாரும் விரும்ப மாட்டார்கள். அதைக் கேளுங்கள். ரெசிட் புத்தகம் உங்கள் கைக்கு வந்துவிடும்.