நர்சிங் மாணவிக்கு எதற்கு இனப்படுகொலைப் பாடம்? கேள்வி பதில்

நியூஜெர்சியில் ஒரு கம்யூனிட்டி காலேஜில், அதாவது இரண்டு வருடப் படிப்புக் கல்லூரியில், வரலாறு கற்பிக்கிறேன். யூதப் படுகொலையும் பிற இனப்படுகொலைகளும் நான் தொடர்ந்து எடுத்துவரும் பாடம். அதைப் பற்றிய சந்தேகங்களை எழுதி அனுப்பச் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, பதில்களை இங்கே தருகிறேன்.

கவிதா, எடிசன்: அக்கா, என் பொண்ணு நர்சிங் படிக்க கம்யூனிட்டி காலேஜ்ல சேர்ந்திருக்கா. அட்வைசர் 'ஹோலோகாஸ்ட் அண்ட் ஜெனோசைட்' பாடத்தை எடுக்கச் சொல்றாராம். ஒரே ரத்தமும் சாவுமா இருக்குமே. நர்சிங்குக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

கவிதா, என் வகுப்பில் இந்தப் பாடம் யாரையாவது நேராகப் போய்த் தொடுகிறது என்றால் அது நர்சிங் மாணவர்களைத்தான்.

நாஜிகள் திட்டம் போட்டு நச்சுவாயு அறையில் முதலில் கொன்றது ஜெர்மனியின் மனநல மருத்துவமனைகளிலும் காப்பகங்களிலும் இருந்த நோயாளிகளை. பெர்லினில் டியர்கார்ட்டன் தெரு 4ஆம் எண் கட்டடத்தில் அதற்கான அலுவலகம் இருந்ததால் 'டி-4' என்று பெயர் வந்தது. மருத்துவமனைகளுக்கு ஒரு படிவம் போகும். என்ன நோய், எத்தனை வருடமாக இருக்கிறார், வேலை செய்ய முடியுமா, பார்க்க யாராவது வருகிறார்களா என்று அதில் கேட்டிருக்கும். நிரப்பி வந்த படிவத்தை மூன்று மருத்துவர்கள் படிப்பார்கள். நோயாளியின் முகத்தை அவர்கள் பார்த்ததே கிடையாது. சிவப்புப் பென்சிலில் கூட்டல் குறி என்றால் சாவு. நீலப் பென்சிலில் கழித்தல் குறி என்றால் உயிர். 1940 ஜனவரியிலிருந்து 1941 ஆகஸ்ட் வரை, ஆறு இடங்களில், 70,000க்கும் மேற்பட்டவர்கள் இப்படிக் கொல்லப்பட்டார்கள். பேருந்தில் அவர்களுடன் துணைக்கு வந்தவர்களும், உடையைக் கழற்ற உதவியவர்களும் நர்சுகள்தான்.

அந்த ஆகஸ்டில் ஃபான் காலென் என்ற கத்தோலிக்க ஆயர் தேவாலயத்தில் நின்று இதைக் கொலை என்று வெளிப்படையாகச் சொன்னார். அதே மாதம் வாயு அறைகளில் கொல்வதை நிறுத்தும்படி ஹிட்லர் உத்தரவிட்டார். ஆனால் ஊசி மூலமாகவும் மாத்திரை மூலமாகவும் பட்டினி போட்டும் வார்டுகளில் கொலை 1945 வரை நடந்தது. டி-4இல் பழகிய ஆட்களில் பலர்தான் பிறகு போலந்தில் பெல்செக், சோபிபோர், டிரெப்ளிங்கா ஆகிய யூதக் கொலை முகாம்களை நடத்தப் போனார்கள்.

1946-47இல் நியூரம்பர்கில் நடந்த மருத்துவர்கள் வழக்கின் தீர்ப்பில்தான், ஒரு மனிதர் மீது ஆய்வு நடத்த அவருடைய சுயவிருப்பமான ஒப்புதல் கட்டாயம் என்ற விதி எழுதப்பட்டது. உங்கள் மகள் நர்சிங் அறவியலில் அதைப் படிக்கத்தான் போகிறாள். எங்கிருந்து வந்தது என்று தெரிந்து படிக்கட்டுமே.

ரத்தத்தைப் பற்றிக் கேட்டீர்கள். படிவம், பென்சில், பேருந்து: என் வகுப்பில் அதிகம் பேசுவது இவற்றைப் பற்றித்தான்.

விக்னேஷ், குயின்ஸ்: பெரிய யுனிவர்சிட்டிகளை விட்டுட்டு ரெண்டு வருஷக் காலேஜ்ல ஏன் இதுக்கெல்லாம் தனி மையம் வச்சிருக்காங்க?

தம்பி, உங்கள் பக்கத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. பேசைடில் குயின்ஸ்பரோ கம்யூனிட்டி காலேஜ் வளாகத்தில் உள்ள கப்ஃபர்பர்க் ஹோலோகாஸ்ட் மையம் 1983இல் தொடங்கியது. நியூஜெர்சி லின்க்ராஃப்டில் புரூக்டேல் கம்யூனிட்டி காலேஜில் உள்ள மையம் அதற்கும் மூத்தது, 1979. போருக்குப் பிறகு முகாம்களிலிருந்து தப்பியவர்களில் பலர் இந்த ஊர்களில்தான் குடியேறினார்கள். கடை வைத்தார்கள், தையல் வேலை பார்த்தார்கள், பிள்ளைகளை வளர்த்தார்கள். அவர்கள் பேசத் தயாரானபோது கேட்க ஓர் இடம் வேண்டியிருந்தது. தெருமுனையில் இருந்த கல்லூரி அந்த இடமானது.

இன்னொரு காரணம் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. இங்கே நுழைவுத்தேர்வு வடிகட்டல் கிடையாது. இரவு ஷிஃப்ட் முடித்து வருகிறவர், நாளைக்குப் போலீஸ் ஆகப் போகிறவர், பள்ளியில் உதவி ஆசிரியராகப் போகிறவர் எல்லாரும் ஒரே பெஞ்சில் இருப்பார்கள். ஒரு சட்டம் தெருவுக்கு வந்து சேரும்போது அதைக் கையில் எடுத்துச் செய்யப் போகிறவர்கள் இவர்கள்தான். குவாத்தமாலாவில் மாயா மக்கள் கொல்லப்பட்டதைப் பற்றிப் பேசத் தொடங்கினால், பின்வரிசையில் ஒரு பிள்ளை தன் பாட்டியின் ஊர்ப் பெயரைச் சொல்லும். அந்த நாள் பாடம் நான் திட்டமிட்டபடி நடக்காது. நடக்கவும் வேண்டாம்.

பள்ளி ஆசிரியர், மதுரை: மேடம், என் மாணவர்களில் சிலருக்கு ஹிட்லர் என்றால் ஒரு வீரன். "வெள்ளைக்காரனை எதிர்த்தவர்தானே, நேதாஜியே போய்ப் பார்த்தாரே" என்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

சார், திட்டாதீர்கள். ஹிட்லர் தன் நூலில் எழுதியதை வகுப்பில் சொல்லுங்கள்: இந்தியா வேறு யார் கையிலும் இருப்பதைவிட ஆங்கிலேயர் ஆட்சியில் இருப்பதையே ஒரு ஜெர்மானியனாகத் தான் விரும்புவதாக எழுதியிருக்கிறார். இந்திய விடுதலைப் போராட்டக்காரர்கள் மீது அவருக்கு இருந்தது இளக்காரம் மட்டுமே. நேதாஜி போனது நம் விடுதலைக்கு உதவி தேடி. 1942 மே மாதம் சந்திப்பு நடந்தது. உறுதியான வாக்குறுதி எதுவும் கிடைக்கவில்லை.

பிறகு கரும்பலகையில் ஒரு காலக்கோடு போடுங்கள். 1935, நியூரம்பர்க் சட்டங்கள், யூதர்களின் குடியுரிமை பறிபோனது. 1938 நவம்பர், தொழுகைக் கூடங்களும் கடைகளும் எரிந்தன. 1939, செயின்ட் லூயிஸ் கப்பலில் 937 பேர் அடைக்கலம் தேடி வந்தார்கள், மிகச் சிலரைத் தவிர மற்றவர்களைக் கியூபா இறங்க விடவில்லை, அமெரிக்காவும் விடவில்லை, ஐரோப்பாவுக்குத் திரும்பியவர்களில் 254 பேர் பின்னர் கொல்லப்பட்டார்கள். 1942 ஜனவரி, பெர்லினில் வான்ஸே மாளிகையில் 15 அதிகாரிகள் உட்கார்ந்து ஐரோப்பிய யூதர்களை அழிக்கும் திட்டத்தைப் பற்றிப் பேசினார்கள். ஒவ்வொரு வருடத்திலும் யார் என்ன முடிவெடுத்தார்கள், வேறு என்ன செய்திருக்கலாம் என்று பிள்ளைகளையே கேளுங்கள். வீரம் எங்கே இருக்கிறது என்று அவர்களே தேடட்டும்.

அதே ஆசிரியர்: பிணக்குவியல் படங்களைக் காட்டலாமா? நாஜிகள் யூதர்களை அணிய வைத்த மஞ்சள் நட்சத்திரத்தைக் குத்தி நடிக்க வைக்கலாமா?

இரண்டும் வேண்டாம். நடித்துப் பார்த்த பிள்ளை, அந்தத் துன்பம் தனக்குப் புரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும். அரைமணி நேரத்தில் நட்சத்திரத்தைக் கழற்றிவிட்டு டிபன் சாப்பிடப் போகிற பிள்ளைக்கு அது புரிய வழியே இல்லை. படங்களில் பலவற்றைக் கொன்றவர்களே எடுத்தார்கள். அதில் இருப்பவர்கள் பெயரில்லாமல், ஆடையில்லாமல் கிடக்கிறார்கள். அவர்கள் வாழ்ந்த விதத்தைக் காட்டுங்கள்.

போலந்தின் வார்சாவில் நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்த கெட்டோ பகுதியில் இம்மானுவேல் ரிங்கல்பிளம் என்ற வரலாற்றாசிரியர் ரகசியமாக ஒரு குழு சேர்த்தார். பட்டினிக்கு நடுவே அவர்கள் எல்லாவற்றையும் சேகரித்தார்கள்: நாட்குறிப்பு, குழந்தைகளின் கட்டுரை, ரேஷன் அட்டை, டிராம் சீட்டு, மிட்டாய்க் காகிதம்கூட. தகரப் பெட்டிகளிலும் பால் கேன்களிலும் அடைத்து மண்ணுக்குள் புதைத்தார்கள். ரிங்கல்பிளமும் குடும்பமும் 1944இல் கொல்லப்பட்டார்கள். குழுவில் தப்பியவர்கள் மூன்றே பேர். ஒரு பகுதி 1946இலும் இன்னொன்று 1950இலும் தோண்டி எடுக்கப்பட்டது. மூன்றாவது இன்னும் கிடைக்கவில்லை. தங்கள் கதையைக் கொன்றவன் எழுதக்கூடாது என்று சாகப் போகிறவர்கள் செய்த வேலை அது. ஒரு மிட்டாய்க் காகிதத்தை வைத்து ஒரு மணி நேரம் பாடம் நடத்தலாம். நான் நடத்தியிருக்கிறேன்.

பெயர் வேண்டாம், ஹூஸ்டன்: கொல்லப்பட்ட யூதர்கள் 60 லட்சம் என்பது மிகைப்படுத்திய கணக்கு என்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் போடுகிறார்.

கொன்றவர்களே எழுதிய கணக்கை அவருக்கு அனுப்புங்கள். ஹோஃப்லெ என்ற நாஜி எஸ்.எஸ். படை அதிகாரி அனுப்பிய தந்தியில், 1942 முடிவு வரை நான்கு முகாம்களுக்கு வந்த யூதர்கள் 12,74,166 பேர் என்று இருக்கிறது. பிரிட்டிஷ் உளவுத்துறை அதை அப்போதே இடைமறித்து எடுத்தது. பொருள் புரியாமல் கோப்பில் கிடந்து, 2000இல்தான் ஆய்வாளர்கள் கண்டுகொண்டார்கள். லித்துவேனியாவில் யேகர் என்ற அதிகாரி நாள்வாரியாக, ஊர்வாரியாக, ஆண் பெண் குழந்தை என்று பிரித்து 1,37,346 பேரைச் சுட்டதாக அறிக்கை எழுதினார். உக்ரைனில் பாபி யார் பள்ளத்தாக்கில் இரண்டே நாளில் 33,771. இவையெல்லாம் அவர்களுடைய சொந்தக் கணக்கு. இவ்வளவு ஆவணம் விட்டுச்சென்ற குற்றம் வரலாற்றில் வெகு குறைவு.

சுபா, நியூயார்க்: வாசலில் ஸ்வஸ்திகா கோலம் போடலாமா?

போடுவது உங்கள் உரிமை, நம் வழக்கம் நாஜிகளுக்கு ஆயிரக்கணக்கான வருடம் முந்தியது. நான் பூஜையறையில் வைத்துக்கொள்கிறேன், வாசலில் வேறு கோலம். எதிர்வீட்டில் முகாமில் தாயை இழந்த ஒருவர் இருக்கலாம்.

ஒரு வாசகர், ஸ்காபரோ: அக்கா, நான் வன்னியில இருந்து வந்தனான். ஒன்ராறியோவில தமிழின அழிப்பு அறிவூட்டல் வாரத்துக்குச் சட்டம் இருக்கு. யூதர்களின்ர வரலாற்றோட எங்கட கதையையும் வச்சுப் படிப்பிக்கிறது சரியோ? ஒப்பிடுறது பிழை எண்டு சொல்லுகினம்.

அண்ணா, எழுதியதற்கு நன்றி.

நீங்கள் சொல்லும் சட்டம் 2021 மே மாதம் நிறைவேறியது, மே 18இல் முடியும் வாரம். எதிர்த்துப் போட்ட வழக்கை 2022இல் கீழ் நீதிமன்றமும் 2024இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தள்ளுபடி செய்தன. கனடா நாடாளுமன்றமும் 2022இல் மே 18ஐ நினைவு நாளாக ஏற்றது. சர்வதேச நீதிமன்றம் எதுவும் இதுவரை தீர்ப்பு சொல்லவில்லை. இறுதிக்கட்டப் போரில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கக்கூடும் என்பதை மறுக்க முடியாது என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் எழுதியது. மாணவர்களுக்கு இது அத்தனையையும் சொல்ல வேண்டும், தீர்ப்பு வரவில்லை என்பதையும் சேர்த்து.

ஒப்பிடுவதைப் பற்றி என் கருத்து இது. யாருடைய வலி பெரியது என்று தராசில் வைக்கக்கூடாது. எப்படி நடந்தது என்பதை ஒப்பிடலாம், ஒப்பிடத்தான் வேண்டும். ருவாண்டாவில் பெல்ஜியர்கள் 1930களில் அடையாள அட்டையில் ஹுட்டு, டுட்சி என்று அச்சிட்டார்கள். 1994இல் சாலைத் தடுப்புகளில் அந்த அட்டையைப் பார்த்துத்தான் கொன்றார்கள். 1983 ஜூலையில் கொழும்பில் வந்த கும்பல்கள் வாக்காளர் பட்டியலை வைத்துத் தமிழர் வீடுகளைத் தேடின. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது போன 97,000 நூல்களைப் பற்றிச் சொன்னால், பெர்லினில் 1933இல் புத்தகங்கள் எரிந்ததைப் படித்த மாணவருக்கு மேலே விளக்கம் தேவைப்படாது.

ஒரு வேண்டுகோள். 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியதையும் அதே பாடத்தில் வையுங்கள். நமக்கு நடந்ததை மட்டும் சொல்கிற பாடத்தை மற்றவர்கள் நம்ப மாட்டார்கள்.

வயதானவர்களிடம் இப்போதே பேசிப் பதிவு செய்யுங்கள். எடுத்தவுடன் ஷெல்லடியைப் பற்றிக் கேட்க வேண்டாம். ஊரில் எந்தப் பள்ளிக்கூடம், கிணறு எங்கே, வயலில் என்ன போட்டீர்கள் என்று கேளுங்கள். களைத்தால் நிறுத்துங்கள். மீதியை எப்போது சொல்வது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.

மீனா, பிரின்ஸ்டன்: நான் எச்-4 விசாவில் (வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தினருக்கானது) இருக்கிறேன். இந்தப் பாடத்தில் சேரலாமா?

தாராளமாக. எச்-4இல் படிக்கத் தடையில்லை. கட்டணம் எந்தப் பிரிவில் வரும் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும், சேர்க்கை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். கிரெடிட் வேண்டாம் என்றால், நான் மேலே சொன்ன மையங்களின் கண்காட்சிகளுக்கும் உரைகளுக்கும் பொதுமக்களும் போகலாம். முதல் தடவை குழந்தையை விட்டுவிட்டு, கூட ஒரு தோழியை அழைத்துக்கொண்டு போங்கள்.