பேஸ்மென்ட்ல தூங்கற டாலியா: குளிர்காலக் கேள்விகளும் என் பதில்களும்

அக்டோபர் பொறந்துட்டா போதும், எனக்கு வர்ற மெசேஜ் எல்லாம் கிழங்கு போட்டோவாத்தான் இருக்கும். "அக்கா இது உயிரோட இருக்கா செத்துடுச்சா"ன்னு. கனடாவுல டொரன்டோ பக்கம் பதினாலு வருஷமா டாலியாப் பூச்செடி வளர்க்கறேன். இங்க குளிர்காலத்துல மண்ணு உறைஞ்சிடும், அதனால கிழங்கைத் தோண்டி எடுத்து வீட்டுக்குள்ள வெச்சுக் காப்பாத்தி வசந்தத்துல திரும்ப நடணும். அதுல மொத மூணு வருஷம் கிழங்கைச் சாகடிக்கறதுலதான் போச்சு. அந்தத் தகுதியில இந்தத் தடவை வந்த கேள்விகளை மொத்தமா எடுத்துப் பதில் சொல்றேன்.

நேத்து ராத்திரி ஃப்ராஸ்ட் (உறைபனி) அடிச்சு செடி முழுக்க கறுப்பாயிடுச்சு. இன்னைக்கே தோண்டி எடுக்கணுமா அக்கா? (ஸ்கார்பரோ)

பதறாதீங்க, போனது இலை மட்டும்தான். மேல காத்து மைனஸ்ல போனாலும் மண்ணு அவ்வளவு சீக்கிரம் உறையாது, கிழங்கு உள்ள சொகமா இருக்கும். தண்டை ஒரு சாண் விட்டு வெட்டிட்டு ஒரு வாரம் பத்து நாள் அப்படியே விடுங்க, அந்த நேரத்துல கிழங்கோட தோல் கொஞ்சம் கெட்டியாகும், அடுத்த வருஷத்து முளைக்கண்ணும் லேசா உப்பிக்கும். ஒரேயொரு எச்சரிக்கை, டாலியா தண்டு உள்ள ஓட்டை, மூங்கில் குழாய் மாதிரி, மழை பேஞ்சா தண்ணி நேரா அதுவழியா கிழங்கோட கழுத்துக்கு எறங்கி அங்கேயே அழுகல் ஆரம்பிக்கும், அதனால வெட்டின வாயில சமையலறை ஃபாயில் ஒரு துண்டு கவுத்து விட்டுடுங்க. ராத்திரியும் பகலும் தொடர்ந்து மைனஸ்ல இருக்கப்போகுதுன்னு வெதர்ல சொன்னா மட்டும் காத்திருக்க வேண்டாம், எடுத்துடுங்க.

தோண்டும்போது தண்டைப் பிடிச்சு மரவள்ளிச் செடி பிடுங்கற மாதிரி இழுக்காதீங்க, கெஞ்சிக் கேட்டுக்கறேன். தண்டுல இருந்து ஒரு அடி தள்ளி சுத்தி நாலு பக்கமும் முள்கரண்டி மண்வெட்டியை எறக்கி, மெதுவா அடியில இருந்து நெம்பித் தூக்கணும். ஏன்னா உருளைக்கிழங்குக்கு ஒடம்பெல்லாம் கண்ணு, எங்க வெட்டி நட்டாலும் முளைக்கும், டாலியாவுக்கு அப்படி இல்ல. இது உண்மையில தடிச்சுப்போன வேர், சர்க்கரவள்ளி மாதிரி, முளைக்கிற கண்ணு தண்டும் கிழங்கும் சேர்ற அந்தக் கழுத்துப் பகுதியில மட்டும்தான். கழுத்து ஒடிஞ்சா அரைக் கிலோ கிழங்கா இருந்தாலும் அதுல செடி வராது. பாக்க லட்டு மாதிரி இருக்கும், குப்பைக்குத்தான்.

கழுவணுமா, மண்ணோடயே வைக்கலாமா? (பிராம்ப்டன்)

ரெண்டு கட்சியும் உண்டு, நான் கழுவற கட்சி. மண்ணு இருந்தா வெட்டுக்காயம், புழு, அழுகல் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. ஹோஸ்ல மெதுவா அடிச்சுக் கழுவி, தலைகீழாக் கவுத்து வெச்சு தண்டுல இருக்கற தண்ணியை வடிய விட்டு, வெயில் படாத எடத்துல ஒரு நாள் ரெண்டு நாள் காய விடுங்க. தோல் மேல ஈரம் போனா போதும். வடகம் காயப்போடற மாதிரி வாரக்கணக்குல விட்டுடாதீங்க, அப்புறம் சுருங்கிடுச்சுன்னு எனக்கே மெசேஜ் வரும்.

கோல்ட் ரூம், கராஜ், ஃபர்னஸ் (வீட்டுக்குச் சூடு தர்ற மெஷின்) பக்கத்து அலமாரி, மூணு எடம் இருக்கு. எங்க வைக்கட்டும்? (மார்க்கம்)

இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்துக்கிட்டு இருந்தேன். எல்லாரும் "எதுல பொதிஞ்சு வைக்கணும், வெர்மிகுலைட்டா பீட் மாஸா"ன்னு கேப்பாங்க (மொதலாவது பொரி மாதிரி லேசான கனிமத்தூள், ரெண்டாவது மக்கின பாசித்தூள்), ஆனா பொட்டிக்குள்ள என்ன போடறோம்கறதை விட பொட்டி எங்க இருக்குங்கறதுதான் முக்கியம். கிழங்குக்கு வேண்டியது 4ல இருந்து 10 டிகிரி செல்சியஸ், இருட்டு, கொஞ்சம் ஈரப்பதமான காத்து, அவ்வளவுதான். பூஜ்யத்துக்குக் கீழ போனா உள்ள இருக்கற தண்ணி உறைஞ்சு, இளகும்போது கூழாயிடும். 15க்கு மேல போனா தூக்கம் கலைஞ்சு முளைக்கப் பாக்கும், இல்லன்னா காஞ்சு வத்திடும்.

இதோட ஊரு மெக்சிகோ மலைநாடு. அங்க மழைக்காலத்துல வளர்ந்து பூத்துட்டு, மழை நின்னு வறண்ட குளிர்மாசம் வந்தா மேல செத்து கீழ தூங்கும், தூக்கத்துக்குச் சாப்பாடா வெச்சிருக்கறதுதான் கிழங்கு. அதுக்குப் பழக்கமான குளிர் அந்த மலையோட குளிர், நம்ம கனடா ஜனவரி கிடையாது. அந்த மலைக்குளிரை வீட்டுக்குள்ள எங்க கண்டுபிடிக்கறோம்கறதுதான் விஷயமே.

என் கதையைக் கேளுங்க. ரெண்டாவது வருஷம் நாப்பது கிழங்கை அழகா மரச்சீவல்ல பொதிஞ்சு, பேர் எழுதி, கராஜ் அலமாரியில வெச்சேன். கராஜ் சுவத்துக்கு வீட்டுச் சூடு வரும்னு ஒரு நெனப்பு. ஜனவரியில வெளிய மைனஸ் 22 போன ராத்திரி ஒண்ணு போதுமானதா இருந்துச்சு. பொட்டியைத் தொறந்தா வெளிய பாக்க எல்லாம் கல்லு மாதிரி நல்லாத்தான் இருந்துச்சு, மறுநாள் உள்ள கொண்டு வந்தேன், சாயங்காலத்துக்குள்ள ஒவ்வொண்ணும் ஃப்ரீசர்ல வெச்சு எடுத்த வாழைப்பழமாட்டம் தொளதொளன்னு தண்ணி விட்டுடுச்சு. அந்த வாடை ரெண்டு நாள் போகல, வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கிட்டே காபி குடிச்சார்.

அப்புறம்தான் டாலர் கடையில மூணு தெர்மாமீட்டர் வாங்கி மூணு எடத்துலயும் வெச்சு ஒரு வாரம் காலையும் ராத்திரியும் குறிச்சேன். நீங்களும் அதையே பண்ணுங்க. ஃபர்னஸ் அலமாரியை இப்பவே மறந்துடலாம், அங்க 20க்கு மேல இருக்கும், போதாததுக்கு வறட்சி. கோல்ட் ரூம், அதாவது முன்வாசல் போர்ச்சுக்கு அடியில அரிசி மூட்டையும் வெங்காயமும் வைக்கறோமே அந்த ரூம், பெரும்பாலும் நல்ல எடம்தான், ஆனா வெளிச்சுவரும் வென்ட்டும் இருக்கற மூலை ஜனவரியில பூஜ்யத்தைத் தொட்டுடும். அதனால பொட்டியை வீட்டுப்பக்கத்துச் சுவர் ஓரமா, தரையில வைக்காம ஒரு பலகை மேல வைங்க, ரொம்பக் கடுங்குளிர் அடிக்கற வாரத்துல ரூம் கதவைக் கொஞ்சம் தொறந்து விடுங்க.

நான் போன வருசம் கிழங்குகளை பேப்பரிலை சுத்தி காட்போட் பெட்டிக்குள்ளை வைச்சனான். ஏப்ரலிலை பாக்க எல்லாம் வத்திப்போய்க் கிடந்தது. தண்ணியிலை ஊறப்போட்டிருந்தா சரிவந்திருக்குமோ? (ஏஜாக்ஸ்)

வாளித் தண்ணியில ராத்திரி முழுக்க முக்கி வைக்கறது வேண்டாம் தங்கச்சி, வெளித்தோல் ஊறி அழுகும். கட்டைவிரலால அழுத்திப் பாருங்க. பழைய கேரட் மாதிரி வளையுது, ஆனா கழுத்து கெட்டியா இருக்குன்னா உயிர் இருக்கு, லேசா ஈரமாக்கின தேங்காய்நார்த் தூள்ல ஒரு வாரம் ரெண்டு வாரம் பொதிஞ்சு வெச்சா தேறிக்கும். சுக்கு மாதிரி ஆயிடுச்சுன்னா ஒண்ணும் பண்ண முடியாது.

பேப்பரும் அட்டைப்பொட்டியும் சேர்ந்து ஈரத்தை உறிஞ்சிடும், நம்ம ஊர் வீடுகள்ல ஹீட்டர் போட்டா காத்தே வறண்டுதானே கிடக்கு. இந்த வருஷம் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா எடுத்து, மூடியை லேசாத் தொறந்த மாதிரி வெச்சு, உள்ள வெர்மிகுலைட்டோ பீட் மாஸோ போட்டு ஒரு கிழங்கு இன்னொண்ணைத் தொடாம அடுக்குங்க. பீட் மாஸ் கையில பிடிச்சு அமுக்கினா ஒரு சொட்டுத் தண்ணி கூட வரக்கூடாது. நாய் பூனைக்கு விரிக்கற மரச்சீவல் விலை கம்மி, ஆனா அது வறண்ட சாமான், ஈரமான ரூமுக்குத்தான் அது சரி. பிரிச்ச ஒத்தைக் கிழங்கை சமையலறை கிளிங் ராப்ல ஒண்ணுக்கொண்ணு ஒட்டாம பீடா மாதிரி சுருட்டி வைக்கறவங்களும் இருக்காங்க, எடம் மிச்சம், ஆனா வெட்டின வாய் நல்லா காயாம சுத்தினா ஒரே மாசத்துல ரசம்தான்.

நான் ஈரோட்டுப் பக்கம் வளர்ந்தவ. எங்க அப்பாரு விதை மஞ்சளை மரத்தடி நிழல்ல குமிச்சு, மஞ்சத் தழையாலயே மூடி மேல மண்ணும் சாணியும் சேர்த்துப் பூசி விடுவாரு, மாசக்கணக்குல அப்படியே கிடக்கும், காயாது, வேகாது. இங்க நான் பண்றதும் அதேதான், சாணிக்குப் பதிலா பிளாஸ்டிக் டப்பா.

இப்பவே பிரிச்சு வைக்கறதா, வசந்தத்துலயா? (மிசிசாகா)

இப்பப் பிரிச்சா கத்தி ஈசியா எறங்கும், எடமும் கம்மியா ஆகும், ஆனா கண்ணு தெரியாது. ஏப்ரல்ல கண்ணு கடுகளவுக்கு மேல உப்பி, செவப்பாவோ பச்சையாவோ தெரியும், ஆனா தண்டுப்பகுதி காஞ்சு கட்டை மாதிரி ஆயிடும், கத்தி வழுக்கி எனக்கு ரெண்டு தையல் போட்டிருக்கு. புதுசா ஆரம்பிக்கறவங்க மொத்தக் கொத்தா வெச்சு வசந்தத்துல பிரிங்க, கொத்தா இருந்தா கொஞ்சம் லேட்டாத்தான் வத்தும். ஒவ்வொரு துண்டுலயும் கிழங்கு, ஒடியாத கழுத்து, அதுக்கு மேல கண்ணு இருக்கற சின்னத் துண்டுத் தண்டு, மூணும் இருக்கணும். போன மே மாசம் நட்ட தாய்க்கிழங்கு கொத்துல கறுத்து சுருங்கி இருக்கும், அதுதான் மொதல்ல அழுகும், வெட்டிப் போட்டுடுங்க. பேரை மார்க்கர்ல கிழங்கு மேலயே எழுதுங்க, பேப்பர் சீட்டு நம்ப முடியாது.

வெட்டின எடத்துல பட்டைத்தூள் தடவலாமான்னு நாலு பேர் கேட்டிருக்கீங்க. தடவுங்க, வீடு வாசமா இருக்கும். ரெண்டு நாள் காய விடறதுக்கு அது ஈடாகாது.

கழுத்துல காலிஃப்ளவர் மாதிரி கொத்துக் கொத்தா முளை. நெறைய செடி வரும்தானே? (ஒட்டாவா)

சந்தோஷப்படாதீங்க, அது கண்ணு இல்ல, இங்கிலீஷ்ல gall-னு சொல்ற பாக்டீரியா நோய். முழுசா பிளாஸ்டிக் பையில கட்டி குப்பையில போடுங்க, கம்போஸ்ட்ல போட்டுடாதீங்க, அந்தக் கத்தியையும் பிளீச் தண்ணியில கழுவிட்டுத்தான் அடுத்த கிழங்கைத் தொடணும்.

மேல வெள்ளைப் பூஞ்சை பூத்திருக்கு... (ஹாமில்டன்)

தொடைச்சுப் பாருங்க. கீழ கெட்டியா இருந்தா தொடைச்சுட்டு மூடியை இன்னும் கொஞ்சம் தொறந்து விட்டா போதும். அமுங்கினா வெள்ளைச் சதை வர்ற வரைக்கும் வெட்டி எறிஞ்சு, காய வெச்சுத் தனி டப்பாவுல வைங்க. மாசம் ஒரு தடவை எல்லாரும் பொட்டியைத் தொறந்து பாக்கணும், ஒரு அழுகின கிழங்கு பக்கத்துல இருக்கற நாலையும் கூட்டிக்கிட்டுத்தான் போகும்.

டாலியா கிழங்குல இன்சுலின் இருக்கு, சுகருக்கு நல்லதுன்னு வாட்ஸாப்ல வந்துச்சு. பொரியல் பண்ணலாமா?

அது இன்சுலின் இல்லங்க, இனுலின். ஒரு எழுத்துல ஒரு ஆளையே கவுத்துடுவாங்க போல. இனுலின்கறது ஒரு நார்ச்சத்து வகை, நம்ம வயித்துல ஜீரணமாகாம குடலுக்குப் போகும், அங்க இருக்கற கிருமிங்க அதைத் தின்னு காத்தா விடும், மிச்சத்தை நான் சொல்ல வேண்டியதில்ல. சுகர் மாத்திரைக்குப் பதிலா இதைச் சாப்பிட்டுடாதீங்க. திங்கற கிழங்குதான், மெக்சிகோவுல சாப்பிட்டிருக்காங்க, ஐரோப்பாவுக்கு வந்த புதுசுல காய்கறியா ஆகுமான்னும் பாத்திருக்காங்க, பூதான் ஜெயிச்சுது. கடையில வாங்கினதுல மருந்து தடவியிருக்கலாம், அதைச் சமைக்கவே கூடாது. முந்நூறு ரூபா சமாச்சாரமா இது, ஒரு நல்ல கிழங்கு இங்க பதினஞ்சு டாலர், அதைப் போய் பொரியலா?

லண்டன்ல இருக்கோம், ஹாரோ. எல்லாரும் மண்ணுலயே விட்டுடறாங்களே? (லண்டன்)

விடலாம். உங்க ஊர்ல கொல்றது குளிர் இல்ல, ஈரம். மண்ணு மணல் கலந்து தண்ணி வடியற மாதிரி இருந்தா, தண்டை வெட்டிட்டு மேல அரை அடி கம்போஸ்ட்டோ மரப்பட்டைத் தூளோ குமிச்சு விடுங்க. ஆனா லண்டன் பக்கம் நெறைய எடத்துல களிமண்ணு, குளிர்காலம் முழுக்க சொதசொதன்னு இருக்கும், அப்படின்னா எடுத்துடறதுதான் புத்திசாலித்தனம். ரெண்டும் கெட்டான்னா பாதியை விட்டுப் பாதியை எடுங்க, மார்ச் வந்தா உங்க மண்ணைப் பத்தி உங்களுக்கே தெரிஞ்சிடும்.

ஊட்டியில ஜனவரி உறைபனிக்கு கிழங்கை எடுக்கணுமா? என் தங்கச்சி சென்னையில தொட்டியில வெச்சிருக்கா, அவளுக்கும் சொல்லுங்க.

ஊட்டியில புல்லு மேல வெள்ளையா பூக்கற பனி இலையைக் கருக்கும், ஆனா பகல்ல வெயில் அடிச்சா போயிடும், மண்ணு ஆழமா உறையாது. சருகு மூடி விடுங்க, போதும். நீங்க பயப்பட வேண்டியது மழைத்தண்ணி தேங்கறதுக்குத்தான்.

சென்னைக் கதை அப்படியே தலைகீழ். அங்க டாலியாவுக்குக் குளிர்காலம்தான் பூக்கற சீசன், தூங்க வேண்டியது கோடையில. பூ முடிஞ்சு இலை பழுத்ததும் தண்ணியை நிறுத்தி, தண்டை வெட்டி, தொட்டியோடயே வீட்டுக்குள்ள குளிர்ச்சியான இருட்டு மூலையில வைக்கச் சொல்லுங்க. வாரம் ஒரு கை தண்ணி தெளிச்சா போதும். உண்மையைச் சொல்லணும்னா மே மாசத்தைத் தாண்டறது கஷ்டம், பத்துக்கு மூணு பிழைச்சா நான் கை தட்டுவேன்.

எப்ப எழுப்பணும்? (ஸ்கார்பரோ)

நம்ம பக்கம் விக்டோரியா டே லாங் வீக்கெண்டுதான் கணக்கு, மே 25க்கு முந்தின திங்கள், அதுக்குள்ள ஃப்ராஸ்ட் பயம் பெரும்பாலும் போயிருக்கும், மண்ணும் 15 டிகிரிக்கு வந்திருக்கும். சீக்கிரம் பூ வேணும்னா ஏப்ரல் நடுவுல வீட்டுக்குள்ள தொட்டியில வெச்சு ஜன்னல் வெளிச்சத்துல முளைக்க விடுங்க. மண்ணுல நடும்போது கிழங்கைப் படுக்க வெச்சு, கண்ணு மேல பாக்க, அரை அடி ஆழம். நட்ட கையோட வாளி தண்ணியைக் கொண்டு போய் ஊத்தாதீங்க, வேரே இல்லாத கிழங்கு அதைக் குடிக்காது, ஆறு மாசம் காப்பாத்தினது ஒரே வாரத்துல அழுகும். முளை மண்ணுக்கு மேல தலை நீட்டின அன்னைக்கு ஊத்துங்க, அன்னைக்கு ராத்திரியே நத்தையும் வரும், டார்ச் எடுத்துக்கிட்டு போய்ப் பாருங்க.