12 கடல் மைல் வட்டம் சிங்கப்பூருக்குச் சரிவராது

மகளின் புவியியல் வரைபடத்தில் சிங்கப்பூரின் கடல் எல்லையைக் காட்ட 12 கடல் மைல் வட்டம் போட்டால் மலேசியாவின் ஜோகூரும் இந்தோனேசியாவின் பாத்தாம் தீவும் உள்ளே வந்துவிடுகின்றன என்கிறீர்கள். வரத்தான் செய்யும்! ஒரு நாடு தன் கரையிலிருந்து உரிமை கோரக்கூடிய கடலுக்கு 12 கடல் மைல் என்பது உச்சவரம்பு, சுமார் 22 கிலோமீட்டர். ஜோகூருக்குப் போகும் உட்லண்ட்ஸ் கடற்பாலத்தின் நீளமே ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். அதனால் வட்டத்தை அழித்துவிட்டு ஒப்பந்தக் கோடுகளை வரையச் சொல்லுங்கள். வடக்கே மலேசியாவுடன் 1995 ஒப்பந்தம்; தெற்கே இந்தோனேசியாவுடன் 1973, 2009, 2014 ஒப்பந்தங்கள்.

அப்புறம், கிழக்கே தள்ளியிருக்கும் பெட்ரா பிராங்கா என்ற சிறு தீவை விட்டுவிடாதீர்கள், பலர் மறப்பது அதைத்தான். 2008இல் அனைத்துலக நீதிமன்றம் அதைச் சிங்கப்பூருக்கும், பக்கத்திலேயே இருக்கும் மிடில் ராக்ஸ் பாறைகளை மலேசியாவுக்கும் கொடுத்தது. நீர் வற்றும்போது மட்டும் தெரியும் சவுத் லெட்ஜ் பாறை யார் கடலில் இருக்கிறதோ அவர்களுக்காம்! அந்தக் கடல் யாருடையது என்று மட்டும் தீர்ப்பு கோடு போடவில்லை. அங்கே மகளும் போட வேண்டாம்.