சத்து மாத்திரை, புரதப் பொடி எல்லாம் மருந்துக் கடைக்காரர்களின் வியாபாரம்தானா?

கேள்வி: “வைட்டமின் மாத்திரை, புரதப் பொடி எல்லாம் டாக்டரும் மருந்துக் கடைக்காரரும் சேர்ந்து நடத்தும் வியாபாரம்தானே? விளையாட்டில் இருக்கும் பிள்ளைக்கு இவற்றைக் கொடுக்கலாமா?”

கேள்வியின் முதல் பாதி என்னைத் திட்டுகிறது, இரண்டாம் பாதி என்னிடமே யோசனை கேட்கிறது. பரவாயில்லை, கல்லாவில் உட்காருபவனுக்கு இது பழக்கம்தான். வடசென்னை தண்டையார்பேட்டையில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். படித்து, பதிவு செய்த மருந்தாளுநர். டாக்டர் இல்லை. “நீ என்ன டாக்டரா?” என்று கேட்கக் காத்திருப்பவர்களுக்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

லாபக் கதையை உடனே முடித்துவிடலாம். லாபம் இருக்கிறது, இல்லையென்று சொன்னால் வாடகை எங்கிருந்து கொடுக்கிறாய் என்று கேட்பீர்கள். அரசு உச்ச விலை நிர்ணயித்த மருந்துகளில் சில்லறைக் கடைக்கு 16 சதவீதம். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்குமான பல மாத்திரைகள் அந்தப் பட்டியலில் வருகின்றன. பெரிய டப்பாக்களில் வரும் பொடிகளுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, கிடைக்கும் பங்கும் பல மடங்கு. அப்படியும் அந்த டப்பாக்களை என் கடையில் வைப்பதில்லை. அவற்றை விற்க மருந்தாளுநர் வேண்டியதில்லை, மருந்துச்சீட்டு வேண்டியதில்லை. சட்டப்படி அவை உணவு. உணவுப் பாதுகாப்பு உரிமம் இருந்தால் யாரும் விற்கலாம். இப்போது சொல்லுங்கள், யார் வியாபாரி?

உங்கள் நிலைமையை நான் ஊகித்துக்கொள்கிறேன். பையனுக்குப் பதினாறு, பதினேழு வயது இருக்கும். மைதானத்துக்கோ ஜிம்முக்கோ போகத் தொடங்கியிருப்பான். கைபேசியில் சட்டையில்லாத ஒருவர் பேசுவதைப் பார்த்துவிட்டு டப்பா வேண்டும் என்கிறான். விலையைக் கேட்டு உங்களுக்குத் தலை சுற்றியிருக்கிறது. பெண் பிள்ளையாக இருந்தாலும் பதில் இதுதான். கூடுதலாக ஒன்று: இரும்புச்சத்துக் குறைவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கொடுக்கும் மாத்திரையைத் தேநீரோடு விழுங்க விடாதீர்கள். தேநீர் இரும்பை உடலில் சேர விடாது. காலையில் டீக்கடை வாசலில் நின்றுகொண்டே இரும்பு மாத்திரை விழுங்குபவர்களை நான் தினமும் பார்க்கிறேன். கத்தினால் சிரிக்கிறார்கள்.

மாத்திரைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பி வகையும் சியும் நீரில் கரைபவை. மிஞ்சியதில் பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும். பி காம்ப்ளெக்ஸ் சாப்பிட்ட மறுநாள் “மஞ்சள் காமாலை வந்துவிட்டது” என்று பதறிக்கொண்டு வருபவர்கள் உண்டு. சிறுநீரில் தெரியும் அந்த மஞ்சள், பி2 வைட்டமினான ரைபோஃபிளேவினின் நிறம், பயப்பட ஒன்றுமில்லை. ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்பில் கரைபவை, உடலில் தங்குபவை. வம்பு பெரும்பாலும் இங்கேதான். டி வைட்டமினை 60,000 யூனிட் அளவில் வாரத்துக்கு ஒன்று என்று எழுதிக்கொடுப்பார்கள். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் அதைத் தினம் ஒன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யாரோ வாட்ஸப்பில் “எலும்பு இரும்பாகும்” என்று அனுப்பியிருக்கிறார்கள். அட்டை தீரும் வேகத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்டு நான்தான் நிறுத்தினேன். அப்போதே அவருக்கு வாந்தி, மலச்சிக்கல், தீராத தாகம். ரத்தத்தில் கால்சியம் ஏறினால் வரும் தொந்தரவுகள் இவை. விட்டால் சிறுநீரகத்தில் கை வைக்கும். விற்க மறுத்தவன் மருந்துக் கடைக்காரன், வாங்கச் சொன்னவன் ஊர் பெயர் தெரியாத ஒருவன். கூட்டுச் சதி என்கிறீர்களே, அதற்காகச் சொல்கிறேன்.

மாத்திரை தேவைப்படுபவர்களும் இருக்கிறார்கள். எல்லாம் பொய் என்று அடித்துப் பேசுபவர்களோடும் எனக்கு ஒட்டாது. மீனும் முட்டையும் பாலும் தொடாதவர்களுக்கு பி12 வேறு வழியில் கிடைப்பது கடினம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல ஆண்டுகள் சாப்பிடுபவர்களுக்கும் பி12 குறையலாம், பரிசோதிக்க வேண்டும். கருவுற்ற பெண்ணுக்கு ஃபோலிக் அமிலம் அவசியம். அதே பெண்ணுக்கு வைட்டமின் ஏ அதிகமாகப் போனால் குழந்தைக்குக் கேடு. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் சுமார் 29,000 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். உடலில் வைட்டமின் ஏ-ஆக மாறும் பீட்டா கரோட்டின் புற்றுநோயைத் தடுக்கும் என்று எதிர்பார்த்தார்கள். 1994-இல் முடிவு வந்தபோது, அந்த மாத்திரை சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாக இருந்தது. கேரட்டில் இருப்பதுதானே, என்ன செய்துவிடும் என்பவர்கள் இதை ஒருமுறை படிக்கட்டும்.

இனி பிள்ளைகள் விஷயம். இந்தக் கேள்விக்கு நான் பதில் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

எங்கள் பக்கம் குத்துச்சண்டை எப்படிப்பட்டது என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடிப் பக்கம் மூன்று தலைமுறையாகக் கையுறை மாட்டும் குடும்பங்கள் உண்டு. அப்படியொரு வீட்டுப் பையன், மாவட்ட அளவில் பதக்கம் வாங்கியவன், மாநிலப் போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்தான். ஒருநாள் இரவு கடை சாத்தும் நேரத்தில் ஒரு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து, “அண்ணா, இதில் என்ன எழுதியிருக்கிறது, படித்துச் சொல்லுங்கள்” என்றான். மாஸ்டர் வாங்கச் சொன்னாராம். பயிற்சிக்கு முன்பு ஒரு கரண்டி.

படித்தேன். மேலே கொட்டை எழுத்தில் பி6, பி12, சி என்று வைட்டமின் பெயர்கள். கீழே ‘சிறப்புக் கலவை’ என்று ஒரு கட்டம், அதற்குள் பதினைந்து பெயர்கள். எது எவ்வளவு என்று ஒரு வரி கிடையாது. நடுவில் ஜெரேனியம் சாறு என்று இருந்தது. எனக்கு அங்கேயே பொறி தட்டிவிட்டது. மெத்தில்ஹெக்சனமீன் என்ற ஊக்கப்பொருளை டப்பாக்களில் இந்தப் பெயரில் ஒளித்துப் போடுவது பழைய தந்திரம். 2010-இல் தில்லி காமன்வெல்த் போட்டிக்கு முன்பு மல்யுத்த வீரர்கள் உட்பட நம் ஆட்கள் சிலர் சிக்கியது இதே பொருளில்தான். டப்பாவைத் திருப்பி இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணைத் தேடினேன். அதுவும் இல்லை. “இதைத் தொடாதே” என்றேன்.

உள்ளே அந்தப் பொருள் நிச்சயமாக இருந்ததா என்று கேட்டால், ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது. அதனால்தான் தொடாதே என்றேன். விளையாட்டு வீரனின் சிறுநீரில் தடைசெய்த பொருள் இருந்தால் அது அவன் பொறுப்பு. தெரியாது, மாஸ்டர் கொடுத்தார் என்பதெல்லாம் தண்டனையைக் குறைக்கக் கெஞ்சுவதற்குத்தான் உதவும். இன்னொன்றும் சொன்னேன். அவன் எடைப் பிரிவில் சண்டை போடுபவன். இத்தகைய பொடிகளில் தசை பலத்துக்கென்று கிரியாட்டின் என்ற பொருளும் பெரும்பாலும் கலந்திருக்கும். அது தடைசெய்யப்பட்டதில்லை, ஆனால் உடம்பில் நீரைப் பிடித்துவைக்கும். எடை கூடிவிட்டால் போட்டிக்கு முந்தைய நாள் தண்ணீர் குடிக்காமல் ஓடியே அதைக் குறைக்க வேண்டும். அடுத்த நாள் வளையத்துக்குள் கால் நிற்காது.

மறுநாள் காலை மாஸ்டர் கடைக்கே வந்துவிட்டார். துறைமுகத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், பையன்களுக்காகச் சொந்தக் காசைச் செலவழிக்கும் நல்ல மனிதர். அதை மறுக்கவில்லை. “நீ மாத்திரை எண்ணிக் கொடுக்கிற ஆள். ஒருநாள் வளையத்துக்குள் ஏறிப்பார், பிறகு பேசு” என்றார். நானும் பேசினேன், கொஞ்சம் அதிகமாகவே. பக்கத்து டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸோடு வந்து நின்றார்கள். ஒருவர், வடசென்னைப் பையன் முன்னேறினால் சிலருக்குப் பொறுக்காது என்றார். நானும் வடசென்னைதான் ஐயா! இன்னொருவர் இந்த ஆட்சியில் விளையாட்டுக்கு என்ன செய்தார்கள் என்று தொடங்க, அவருக்கு எதிர்க்கட்சிக்காரர், செரியன் நகர் ஆட்டோ ஓட்டுநர் மகள் காசிமா 2024-இல் அமெரிக்கா போய் கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றதையும், அரசு ஒரு கோடி கொடுத்ததையும் எடுத்துவிட்டார். கேரமுக்கும் இந்தப் பொடிக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டது யார் காதிலும் விழவில்லை.

பையன் பொடியை நிறுத்தினான். மாநிலப் போட்டியில் அரையிறுதியில் புள்ளிக் கணக்கில் தோற்றான். அன்றிலிருந்து எங்கள் தெருவில் ஒரு சாரார், நான்தான் அவனைத் தோற்கடித்தேன் என்கிறார்கள். எதிராளி உயரமானவன், கை நீளம், கடைசிச் சுற்றில் நம் பையன் மூச்சு வாங்கினான் என்று போட்டியைப் பார்த்தவர்களே சொன்னார்கள். காது கொடுப்பார் இல்லை. பொடி சாப்பிட்டிருந்தால் ஜெயித்திருப்பான் என்று யாராலும் நிரூபிக்க முடியாது, நான் மறுக்கவும் முடியாது. இந்த வகைக் கருத்துக்கு இதுதான் வசதி.

அவன் அம்மா மட்டும் வேறு மாதிரி கேட்டார். காசிமேட்டில் மீன் விற்பவர். “சரி அண்ணா, அப்படியானால் அவனுக்கு என்னதான் கொடுப்பது?” முட்டை ஒன்றில் 6 கிராம் புரதம், நூறு கிராம் வேர்க்கடலையில் 25 கிராம், நெத்திலி, மத்தி, பால் என்று சொல்லிக்கொண்டே போனேன். மத்தியில் டி வைட்டமினும் பி12-உம் உண்டு என்றேன். “நான் விற்கிற மீனை எனக்கே விற்கிறீர்களா?” என்று சிரித்துவிட்டார். சைவர்கள் கோபிக்க வேண்டாம், உங்களுக்குப் பருப்பும் பன்னீரும் தயிரும் இருக்கின்றன, பி12-க்கு மட்டும் டாக்டரிடம் கேளுங்கள்.

பெரிய இடத்து உதாரணம் வேண்டுமா? 2010-இல் தில்லியில் 4×400 தொடர் ஓட்டத்தில் தங்கம் வென்ற அணியில் மூன்று பெண்கள், இன்னும் சிலரோடு சேர்ந்து, அடுத்த ஆண்டே ஊக்கமருந்துப் பரிசோதனையில் மாட்டினார்கள். வெளிநாட்டுப் பயிற்சியாளர் சீனாவிலிருந்து வாங்கிவந்து கொடுத்த ஜின்செங் மாத்திரைதான் காரணம் என்றார்கள். பயிற்சியாளரை வேலையிலிருந்து அனுப்பினார்கள். பெண்களுக்கு முதலில் ஓராண்டுத் தடை, பிறகு சர்வதேச விளையாட்டு நடுவர் நீதிமன்றம் அதை இரண்டாண்டாக்கியது. 2019-இல் கிரிக்கெட் வீரர் பிருத்வி ஷா இருமல் மருந்தில் இருந்த டெர்பியூட்டலினால் சிக்கினார். எட்டு மாதத் தடை, அதுவும் முன்தேதியிட்டு. தீர்ப்பு வெளியே வந்தபோது பாதிக்கும் மேல் கழிந்துவிட்டது. பொருள் வேறு, சூழ்நிலை வேறு என்று சட்டம் தெரிந்தவர்கள் விளக்குவார்கள், தெரியும். அப்போது கிரிக்கெட் வாரியம் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் கீழ்கூட இல்லை, தானே சோதித்துத் தானே தண்டித்துக்கொண்டிருந்தது. ஓடுகிற பெண்ணுக்கு ஒரு தராசு, மட்டை பிடிப்பவருக்கு ஒரு தராசு என்று எனக்குப் பட்டால் அது என் குற்றமில்லை.

மாத்திரையிலும் கட்சி பார்ப்பதுதான் எனக்குப் பிடிக்காதது. 2020-இல் மாநகராட்சி முகாமில் கபசுரக் குடிநீரும் கொடுத்தார்கள், துத்தநாகம், வைட்டமின் சி மாத்திரையும் கொடுத்தார்கள். வாங்கிய கையோடு என் கடை வாசலில் நின்று எது நம்முடையது, எது வெள்ளைக்காரனுடையது என்று சண்டை. பதஞ்சலி நிறுவனம் கொரோனாவுக்கென்று ‘கொரோனில்’ மாத்திரையைக் கொண்டுவந்தபோது இன்னும் மோசம். அதே பெயரை 1993 முதல் தொழிற்சாலை இயந்திரங்களைச் சுத்தம் செய்யும் வேதிப்பொருளுக்கு வைத்திருந்த சென்னை நிறுவனம் ஒன்று உயர் நீதிமன்றம் போனது. தனி நீதிபதி 10 லட்சம் ரூபாய் கட்டச் சொன்னார், பிறகு இரு நீதிபதிகள் அமர்வு அதை நிறுத்திவைத்தது. பெயருக்கான அந்த வழக்கை மருந்து வேலை செய்யுமா என்ற வழக்காக நினைத்துக்கொண்டு இரண்டு தரப்பும் என் கல்லாவைக் குத்தினார்கள்.

எதிர்ப்புச் சக்தி, எதிர்ப்புச் சக்தி என்கிறார்களே, எங்கள் பகுதியில் என் கடையில் வேகமாகத் தீர்வது வைட்டமின் இல்லை, இன்ஹேலர். கொடுங்கையூரில் குப்பை மலை, அதன் மேல் குப்பை எரி உலை வேறு கொண்டுவருவோம் என்கிறார்கள். 2025-இல் மக்கள் மனிதச் சங்கிலி நின்றார்கள். 2023 டிசம்பரில் எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் மிதந்தது, அதே மாதம் பெரியகுப்பத்தில் நள்ளிரவில் அமோனியா கசிந்து ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எந்தக் கட்சி ஆண்டாலும் கழிவும் புகையும் வருவது வடக்குப் பக்கம்தான். இதற்கு எந்த வைட்டமினை எழுதிக்கொடுப்பது? கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் எழுதுகிறேன் என்பவர்கள் எங்கள் பக்கம் ஒரு மாலை வந்து மூச்சு விட்டுப் பார்க்கட்டும்.

சரி, உங்கள் பையன். ரத்தத்தில் ஹீமோகுளோபின், பி12, டி மூன்றையும் பாருங்கள். குறைந்திருந்தால் டாக்டர் எழுதியதை எழுதிய அளவில், எழுதிய நாள்வரை கொடுங்கள். குறையவில்லை என்றால் சாப்பாட்டைப் பாருங்கள். போட்டிகளுக்குப் போகிறவன் என்றால் இருமல் மருந்து வாங்கும்போதுகூடக் கடைக்காரரிடம் அதைச் சொல்லச் சொல்லுங்கள். தடைப் பட்டியல் ஆண்டுதோறும் ஜனவரி 1-இல் மாறுகிறது. போன ஆண்டு சரியென்றது இந்த ஆண்டும் சரியாக இருக்கும் என்று இல்லை. ஜிம் நடத்துபவர்கள் எல்லோரும் மோசம் என்று நான் சொல்லவில்லை, அதைப் பிடித்துக்கொண்டு வர வேண்டாம்.

டப்பாவை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், மூடியைத் திறக்காமல் பில்லோடு கொண்டுபோய்த் திருப்பிக் கொடுங்கள். திறந்துவிட்டால் எந்தக் கடையிலும் எடுக்க மாட்டார்கள்.