புது வீட்டு மலசலகூடத்தில் ‘குளுக்’ சத்தம்: கொமோட்டை மாற்றுவதற்கு முன்

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “லயத்தை விட்டு, ஏழு பேர்ச் காணியில் கட்டிய புது வீட்டுக்குக் குடிவந்து எட்டு மாதமாகிறது. கொமோட்டில் தண்ணீர் அடித்தால் பக்கத்துக் குளியலறைத் தரை வடிகாலில் ‘குளுக் குளுக்’ என்று சத்தம் கேட்கிறது. பிறகு நாற்றம் வருகிறது. அடைமழை நாட்களில் தண்ணீர் இறங்கவே மாட்டேன் என்கிறது. பாஸ் கொமோட்டை மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?”

இப்போதைக்கு மாற்ற வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பது ஒரு கோளாறு அன்று, இரண்டு. சத்தமும் நாற்றமும் ஒன்று. மழையில் தண்ணீர் இறங்காதது மற்றொன்று. இரண்டையும் சேர்த்துப் பார்த்ததால்தான் பழி கொமோட்டின் தலையில் விழுந்திருக்கிறது.

அதைச் சோதிக்க ஒரு வாளி போதும். மழையில்லாத நாளொன்றில் சுமார் 10 லீற்றர் தண்ணீரைக் கொமோட்டுக்குள் ஒரே மூச்சில் ஊற்றுங்கள். சட்டென்று இழுத்துக்கொண்டு போனால் கொமோட்டில் குறையில்லை. வெயில் நாளிலும் தண்ணீர் மேலெழுந்து சோம்பலாக இறங்கினால், குழாய்க்குள் சீமெந்துக் கட்டி கிடக்கலாம், அல்லது உள்ளேயே வளைவு கொண்ட கொமோட்டின் கீழ் இன்னொரு வளைவுக் குழாயையும் பொருத்தியிருக்கலாம். புது வீடுகளில் இந்த இரட்டை வளைவை நான் அடிக்கடி காண்கிறேன்.

இனிச் சத்தத்துக்கு வருவோம். தரை வடிகாலின் அடியிலுள்ள வளைவில் ஏறத்தாழ 2 அங்குல உயரத்துக்குத் தண்ணீர் எப்போதும் தேங்கி நிற்க வேண்டும். குழாயிலுள்ள நாற்றம் வீட்டுக்குள் வராமல் தடுக்கும் நீர்ப்பூட்டு அதுதான். மலையகத்தில் வீடு மேல் தட்டிலும் மலக்குழித் தாங்கி கீழ்த் தட்டிலும் இருப்பது வழக்கம். ஆகவே 4 அங்குலக் குழாய் மண்திட்டின் ஓரமாகச் செங்குத்தாக இறங்குகிறது. அதற்குள் நிறைந்து விழும் தண்ணீர் தன் பின்னால் காற்றை இழுக்கிறது. காற்று வர வேறு வழியில்லாவிட்டால், அருகிலுள்ள நீர்ப்பூட்டை உறிஞ்சிக்கொண்டு அந்த வழியாகவே வருகிறது. நீங்கள் கேட்கும் ‘குளுக்’ அந்தக் காற்றின் சத்தம்.

இதை நீங்களே கண்ணால் பார்க்கலாம். தரை வடிகாலின் மூடியை எடுத்து, ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றி, டோர்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வேறொருவரைக் கொமோட்டில் தண்ணீர் அடிக்கச் சொல்லுங்கள். வளைவிலுள்ள தண்ணீர் நடுங்கிக் கீழே இறங்கினால் ஐயமே இல்லை. அடுத்து, வீட்டுச் சுவரோரத்திலுள்ள மேன்ஹோல் மூடியைத் திறந்து வைத்து மீண்டும் அடியுங்கள். இப்போது சத்தம் அடங்கினால், குழாய்க்குத் தேவைப்படுவது காற்றுதான். கொமோட்டுக்கு அருகில், குழாயின் மேல்முனையிலிருந்து குறைந்தது 2 அங்குலக் காற்றுக் குழாயொன்றைக் கூரை விளிம்புக்கு மேலே கொண்டுசெல்லுங்கள். தாங்கியின் மேல் ஏற்கெனவே ஒன்று நிற்கிறதே என்று பாஸ் சொல்லக்கூடும்; அது கீழ்த் தட்டில் நிற்பதால் மேல்முனைக்கு அவ்வளவாக உதவாது. கூரைத் தாழ்வாரத்துக்கு அடியிலோ ஜன்னலுக்குப் பக்கத்திலோ புதுக் காற்றுக் குழாயை முடித்தால், பனிமூட்டமான மாலைகளில் நாற்றம் திரும்ப வீட்டுக்குள்ளேயே வரும்.

மழைக்காலத் தொல்லைக்குக் காரணம் பெரும்பாலும், தாங்கியிலிருந்து வெளியேறும் தண்ணீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சு குழியாகவே இருக்கும். உங்கள் பக்கத்தில் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை நிலத்தை ஊற வைத்துவிடுவதால், குழிக்குத் தண்ணீரை வாங்க இடமிருப்பதில்லை. அடைமழை நாளில் மேன்ஹோலைத் திறந்து பாருங்கள். அதில் தண்ணீர் தேங்கி நின்றால் அடைப்பு அதற்குக் கீழே இருக்கிறது. அது காலியாக இருக்கக் கொமோட்டில் மட்டும் தண்ணீர் நின்றால், இடையிலுள்ள குழாயில் இருக்கிறது. தாங்கி எப்போதும் வெளியேறு குழாய் மட்டம் வரை நிறைந்தே இருக்கும். அதைப் பார்த்துத் தாங்கி நிரம்பிவிட்டது என்று பௌசர் கூப்பிடுவோர் பலர். எட்டு மாதத் தாங்கியை இறைப்பது வீண்செலவு. குழி வாங்காதவரை சில நாட்களில் பழையபடி நிரம்பும். தண்ணீர் அந்த மட்டத்துக்கு மேலேறி உள்வரும் குழாயை மூடியிருந்தால் மட்டுமே கவலைப்பட வேண்டும். இதைப் பார்க்கும்போது தாங்கிக்குள் தலையை நீட்டவோ, நெருப்புப் பற்றவைக்கவோ கூடாது. உள்ளிருக்கும் வாயு நொடியில் ஆளை மயக்கிவிடும்.

கூரைப் பீலித் தண்ணீர் எங்கே போகிறது என்று முதலில் பாருங்கள். கூரைத் தண்ணீரை உறிஞ்சு குழிக்குத் திருப்பிவிட்ட வீடுகளைக் கண்டிருக்கிறேன். அதைக் கொங்கிறீற்றுக் கானுக்கு மாற்றி, குழிக்கு மேற்புறத்தில் சிறு தடுப்புக் கானொன்றும் வெட்டினால் பாதிச் சுமை குறையும். குளிக்கும் தண்ணீரும் தாங்கிக்குள்தான் போகிறதென்றால் அதையும் பிரித்துவிடுங்கள். அதன் பிறகும் இறங்காவிட்டால் குழியை இடம் மாற்ற நேரலாம். ஆனால் சரிவில் ஊறும் தண்ணீர் மண்ணைத் தளர்த்தும் என்பதால், மண்வெட்டியை எடுப்பதற்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்தில் இடத்தைக் காட்டி ஆலோசனை பெறுங்கள்.