முதல் தாள் பிடித்திருந்தால் போதுமா?

உங்கள் மகள் பி.ஏ. ஆங்கிலம் படிக்கிறாள். முதலாண்டில் விருப்பப் பாடமாக உளவியல் அறிமுகம் எடுத்து நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள். இப்போது எம்.எஸ்சி. உளவியல்தான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். இது நிஜ ஆசையா, மோகம் முப்பது நாள் கதையா என்று கேட்கிறீர்கள். மார்க்கை வைத்து அதைச் சொல்ல முடியாதம்மா. அந்தப் பாடத்தில் அவளுக்கு எது பிடித்தது என்று பார்த்தால் ஓரளவு சொல்லலாம்.

அறிமுகத் தாள் கல்யாணப் பந்தி இலை மாதிரி, எல்லாவற்றிலும் ஒரு கரண்டி. 1879-இல் ஜெர்மனியின் லைப்ஸிக்கில் வூண்ட் என்பவர் தொடங்கிய உளவியல் ஆய்வுக்கூடம், உணவு வருமுன்பே எச்சில் ஊறிய பாவ்லோவின் நாய், கனவுகளுக்குப் பொருள் தேடிய ஃப்ராய்ட், நினைவாற்றல், ஆளுமை என்று ஓடிவிடும். ஃப்ராய்டும் கனவும் பிடிக்காத மாணவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அதை மட்டும் சொல்லித் துறை மாற வருபவர்களிடம் கொஞ்சம் பொறுங்கள் என்பேன்.

செய்முறை இருந்திருந்தால் அவளுடைய ரெக்கார்டு நோட்டை வாங்கிப் பாருங்கள். ஸ்ட்ரூப் சோதனை பெரும்பாலும் இருக்கும், 1935-இல் வெளிவந்தது. ‘சிவப்பு’ என்ற சொல்லைப் பச்சை மையில் அச்சடித்திருப்பார்கள். சொல்லைப் படிக்கக் கூடாது, மையின் நிறத்தைச் சொல்ல வேண்டும். எதிரே தோழி, கையில் ஸ்டாப்வாட்ச். தோழிக்கு நாக்கு தடுமாறும், நேரம் கூடும். இதை ஆசிரியரின் கையெழுத்துக்காக எழுதி முடித்தாளா, இல்லை வீட்டில் உங்களையும் உட்காரவைத்துச் செய்து பார்த்தாளா? எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கு இந்தத் தடுமாற்றம் வருமா என்று கேட்டாளா? கேட்டிருந்தால் நல்ல அறிகுறி.

அடுத்தது புள்ளியியல். இலக்கியத்திலிருந்து வருபவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். எம்.எஸ்சி.யில் இதிலிருந்து தப்ப வழியில்லை. 2015-இல் ஒரு பெரிய குழு, உளவியல் இதழ்களில் வந்திருந்த 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தது. ஏறக்குறைய 36 சதவீதத்தில்தான் முடிவு புள்ளியியல்படி மறுபடியும் தேறியது. இதை அவளிடம் சொல்லிப் பாருங்கள். ‘அப்போ படித்ததெல்லாம் பொய்யா’ என்று சோர்ந்துபோனால் யோசிக்கலாம். ‘எந்த ஆய்வு தேறலை, ஏன்?’ என்று கேட்டால் நான் அவள் பக்கம்.

‘எல்லோரும் என்னிடம்தான் மனம்விட்டுப் பேசுவார்கள்’ என்பதையும் காரணமாகச் சொல்வாள். நல்ல குணம்தான், ஆனால் அது மட்டும் போதாது.

சரி, வேலை. மனநல மருத்துவர் வேறு, அவர் எம்.பி.பி.எஸ். முடித்து மேற்படிப்பும் படித்தவர். எம்.எஸ்சி. முடித்தால் பள்ளி ஆலோசகர், மனிதவளத் துறை, தொண்டு நிறுவனம், ஆராய்ச்சி என்று போகலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், அதாவது மனநலச் சிக்கல்களைச் சோதித்து, பேச்சு வழியில் சிகிச்சை தருபவர் ஆக அந்தப் பட்டம் மட்டும் போதாது. இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த பயிற்சிப் படிப்பை முடித்து, அங்கே பதிவும் செய்ய வேண்டும். பெங்களூரிலுள்ள மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் போன்ற இடங்களில் நுழைவுத் தேர்வு உண்டு, இடங்களோ குறைவு. செலவும் ஆண்டுகளும் இங்கே கூடும். அதை இப்போதே கணக்கில் வையுங்கள். அஞ்சல் வழியில் முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உளவியலைத் தொலைதூர, இணையவழிக் கல்வியாக நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2025-இல் சொல்லிவிட்டது.

சில பல்கலைக்கழகங்கள் எந்தப் பட்டதாரியையும் எம்.எஸ்சி.யில் சேர்க்கின்றன. சில இடங்களில் இளநிலையிலேயே உளவியல் படித்திருக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு இடத்தின் தகுதி விதியையும் அவளையே படித்துக் குறிக்கச் சொல்லுங்கள். மூன்றாமாண்டில் புள்ளியியல் தாள் எடுக்க வழியிருந்தால் எடுக்கட்டும். அந்த செமஸ்டர் முடிந்த பிறகும் ஆசை குறையவில்லை என்றால் விண்ணப்பம் போடுங்கள்.