4ஒய் ஹைலக்ஸ் பக்கியில் லெக்சஸ் வி8 இன்ஜின் போடலாமா?

கேள்வி இதுதான்: டர்பனில் ஓடும் பழைய டொயோட்டா ஹைலக்ஸ் 2.2 பக்கி (பிக்கப் வண்டி), கார்புரேட்டர் வைத்த 4ஒய் இன்ஜின், டூ-வீல் டிரைவ். லோடு ஏற்றிக்கொண்டு பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் டவுன் ஹில் (Town Hill) மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்குகிறது. லெக்சஸ் வி8 போட்டால் தீருமா, என்னென்ன மாற்ற வேண்டும்?

போடலாம். தென்னாப்பிரிக்காவில் நிறையப் பேர் செய்த மாற்றம்தான், உதிரி பாகங்களும் கிடைக்கும். ஆனால் லோடு ஏற்றத்தான் பக்கி என்றால் என் ஓட்டு 2.7 பெட்ரோல் இன்ஜினுக்கு. பழைய ஹைலக்ஸ் 2.7-இல் வந்த 3ஆர்இசட்-எஃப்இ 2693 சிசி, நாலு சிலிண்டர், டைமிங் செயின். டொயோட்டா குவாண்டம் வேன் டாக்சிகளில் வரும் 2டிஆர்-எஃப்இ அதற்கு அடுத்த தலைமுறை. இன்ஜின், கியர்பாக்ஸ், வயரிங், இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) எல்லாவற்றையும் ஒரே வண்டியிலிருந்து எடுத்துவிட்டால் தலைவலி பாதி குறையும். இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆகவிடாத பூட்டு) உள்ள வண்டி என்றால் சாவியையும் கேட்டு வாங்குங்கள். சாவி இல்லாமல் வந்த இசியூ வெறும் டப்பா.

இல்லை, வி8தான் வேண்டும் என்றால் தொடர்ந்து படியுங்கள். இன்ஜினை இறக்கி வைப்பது சின்ன வேலை. பணமும் நாளும் போவது அதைச் சுற்றியுள்ளவற்றில்.

லெக்சஸ் வி8 என்று நாம் சொல்வது 1யூஇசட்-எஃப்இ இன்ஜினை. 3969 சிசி, 1989-இல் லெக்சஸ் எல்எஸ்400 காரோடு வந்தது. முதல் தலைமுறையில் சுமார் 190 கிலோவாட், 350 நியூட்டன் மீட்டர். இது கடல் மட்டக் கணக்கு. ஜோகன்னஸ்பர்க் உயரத்தில் ஆறில் ஒரு பங்கு போய்விடும். பிளாக் அலுமினியம் என்பதால் முன்பக்கம் பயப்படும் அளவுக்குக் கனக்காது. 1994 வரை வந்தவற்றில் டைமிங் பெல்ட் அறுந்தாலும் வால்வு பிஸ்டனில் இடிக்காது. பின்னால் வந்த விவிடி-ஐ (வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்பு) இன்ஜினில் இடிக்கும். எதுவானாலும் வண்டியில் ஏற்றுமுன் பெல்ட், டென்ஷனர், ஐட்லர் பேரிங், வாட்டர் பம்ப் நாலையும் சேர்த்து மாற்றுங்கள். பம்பைச் சுற்றுவதே டைமிங் பெல்ட்தான்.

இன்ஜின் தரையில் இருக்கும்போதே இன்னொரு வேலை. இதன் ஸ்டார்டர் மோட்டார் பக்கவாட்டில் இல்லை. இன்டேக் மேனிஃபோல்டுக்கு (காற்று உள்ளே போகும் குழாய்த் தொகுதி) அடியில், இரண்டு சிலிண்டர் வரிசைக்கு நடுவே கிடக்கிறது. இன்ஜின் தட்டுவதை உணரும் நாக் சென்சார்களும் அங்கேதான். மேனிஃபோல்டைக் கழற்றி, ஸ்டார்டரின் செம்பு கான்டாக்ட்களைப் புதிதாகப் போட்டு, பொரபொரவென்று உதிரும் வயர்களை மாற்றி, அடியில் போகும் தண்ணீர் ஹோஸையும் மாற்றிவிட்டு மூடுங்கள். இப்போது விட்டால், பிறகு சாவி திருப்பி 'டிக்' என்ற சத்தம் மட்டும் வரும் நாளில் மேல்பாகம் முழுவதையும் பிரிக்க வேண்டியிருக்கும்.

ஸ்டார்ட் ஆனதும் வெள்ளைப் புகை தள்ளினால் உடனே ஹெட் கேஸ்கெட் என்று முடிவு கட்டாதீர்கள். பவர் ஸ்டீயரிங் பம்பில் ஐடிலை (வண்டி நிற்கும்போது இன்ஜின் சுற்றும் வேகம்) கூட்டும் சின்ன வால்வு ஒன்று உண்டு. அது கெட்டால் ஸ்டீயரிங் ஆயில் வேக்குவம் குழாய் வழியாக இன்டேக்குக்குப் போய் எரியும். அந்த வால்வுக்குப் போகும் இரண்டு வேக்குவம் குழாய்களையும் கழற்றி முனைகளை அடைத்துப் பாருங்கள். பம்பே ஒழுகினால் ஆயில் கீழே இருக்கும் ஆல்டர்னேட்டரில் சொட்டி அதையும் கொன்றுவிடும். பழைய இசியூவைத் திறந்து கெப்பாசிட்டர்களையும் பாருங்கள். கசிந்திருந்தால் மீன் நாற்றம் அடிக்கும், போர்டில் செம்புத் தடம் அரித்திருக்கும். அதற்குப் பதில் இங்கேயே கிடைக்கும் ஸ்பிட்ரானிக்ஸ், டிக்டேட்டர் போன்ற தனி இசியூ போடுவது பலருக்கு எளிது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை வைத்துக்கொண்டால் அதற்குத் தனிக் கட்டுப்பாட்டுப் பெட்டி வேண்டும்.

பொருத்தும்போது முதலில் மல்லுக்கு நிற்பது ஆயில் சம்ப் (இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி). எந்தக் காரிலிருந்து வந்த இன்ஜின் என்பதைப் பொறுத்து சம்பின் ஆழமான பகுதி முன்னே பின்னே மாறும். ஹைலக்ஸில் அது கிராஸ்மெம்பர் என்ற குறுக்குச் சட்டத்துக்கும் ஸ்டீயரிங் ராடுக்கும் பின்னால் விழ வேண்டும். சம்பை வெட்டி ஒட்டினால் உள்ளே ஆயில் உறிஞ்சும் குழாயையும் அதே அளவுக்கு மாற்றுங்கள். குழாய் முனை சம்பின் தரையில் ஒட்டினால் ஆயில் பிரஷர் விழும்.

அடுத்தது வலது பக்க எக்ஸாஸ்ட். நம் ஊர் வலது ஸ்டீயரிங். ஸ்டீயரிங் பாக்ஸும் ஷாஃப்டும் அதே பக்கம். ஆக்சிலேட்டரை அழுத்தினால் இன்ஜின் இடது பக்கம் தூக்கி வலது பக்கம் சாயும், அதாவது ஸ்டீயரிங்கை நோக்கி. நிற்கும்போது பைப்புக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே விரல் போனால் போதாது. 20 மில்லிமீட்டராவது விடுங்கள், பிரேக் மாஸ்டர் சிலிண்டர் பக்கம் வெப்பத் தகடும் வையுங்கள். கியர்பாக்ஸைக் கோத்துப் பார்க்காமல் மவுண்டிங்கை வெல்டு செய்யக் கூடாது. கியர்பாக்ஸின் வால் முனையும் பின் டிஃப்பின் (பின் அச்சின் நடுவிலுள்ள கியர் பெட்டி) பினியனும் இணையான கோணத்தில் இல்லாவிட்டால் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் தரை அதிரும்.

மேனுவல் கியர்பாக்ஸ் என்றால் டொயோட்டாவின் ஐந்து கியர் டபிள்யூ58 நல்ல ஜோடி. அடாப்டர் பெல் ஹவுசிங், ஃபிளைவீல், கிளட்ச் தனியாக வாங்க வேண்டும். ஆட்டோமேட்டிக்கிலிருந்து வந்த கிராங்க்கில் ஸ்பிகாட் பேரிங் (கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்டின் முனையைத் தாங்குவது) உட்காராது, அளவெடுத்து ஒரு புஷ் கடைந்து போடுங்கள். இதை மறந்து கோத்தால் இன்புட் ஷாஃப்ட் ஆடி, கியர்பாக்ஸ் பேரிங் சீக்கிரம் போய்விடும்.

4ஒய்-யின் மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப் கார்புரேட்டருக்குத்தான் போதும். இந்த இன்ஜினுக்கு 3 பார் அளவு பிரஷர், திரும்பும் லைன், ஒரு லிட்டராவது கொள்ளும் சர்ஜ் டேங்க் (பம்புக்குப் பெட்ரோல் தடைபடாமல் பார்க்கும் சின்ன டேங்க்) மூன்றும் தேவை. பழைய கார்புரேட்டர் ஹோஸை விட்டுவைத்தால் அது வெடித்து சூடான எக்ஸாஸ்ட் மேல் பெட்ரோல் பீய்ச்சும். இன்ஜெக்‌ஷனுக்கான ஹோஸ், அதற்கான கிளிப் மட்டுமே.

சூடேறினால் தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிவது நம் ஆட்களின் பழக்கம். இதில் அது வேலையைக் கெடுக்கும். தெர்மோஸ்டாட் தண்ணீர் உள்ளே வரும் பக்கம் இருக்கிறது. அதை எடுத்தால் பைபாஸ் வழி திறந்தே கிடந்து, சூடான தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் இன்ஜினையே சுற்றும். தடித்த அலுமினிய ரேடியேட்டர், ஷ்ரவுடோடு (விசிறியைச் சுற்றிய கூடு) இரண்டு மின்விசிறி, ஒவ்வொன்றுக்கும் தனி ரிலே, தனி ஃபியூஸ். தண்ணீர் நிரப்பும்போது வண்டியின் மூக்கு மேலே பார்க்க நிற்கட்டும், காற்று வெளியேறும்.

பின் டிஃப்பின் கியர் விகிதம் 4.1 ஆக இருந்து, டபிள்யூ58-இன் ஐந்தாம் கியர் 0.78 என்றால், 195ஆர்14 டயரில் மணிக்கு 120 கிலோமீட்டரில் இன்ஜின் சுமார் 3,070 ஆர்பிஎம் சுற்றும். 3.7 போட்டால் 2,770-க்கு இறங்கும். பிரேக்கைத் தள்ளிப் போடாதீர்கள்: பெரிய முன் டிஸ்க், நல்ல பூஸ்டர். சுமைக்கேற்ப பின் பிரேக் பிரஷரை மாற்றும், பின் அச்சிலுள்ள லோடு வால்வைக் கழற்றினால் காலி பக்கி மழையில் பின்பக்கம் வழுக்கிச் சுழலும்.

இன்ஜின் வாங்கும்போது எண் அரைத்த தடமோ வெல்டோ தெரிந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் விலகிவிடுங்கள். எண் எழுதிய பில், இறக்குமதி இன்ஜின் என்றால் அந்தக் காகிதமும் கையில் வேண்டும். போட்ட பின் எண் குழாய்களுக்குப் பின்னால் மறையக்கூடும், முன்பே படம் எடுத்து வையுங்கள். போலீஸ் கிளியரன்ஸ் வாங்கி, லைசென்ஸ் அலுவலகத்தில் பதிவுச் சான்றில் இன்ஜின் எண்ணை மாற்றுங்கள். வண்டி எடை மாறியிருந்தால் எடைச் சான்றும் கேட்பார்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து, அவர்கள் பதில் வரும்வரை பக்கியை ரோட்டில் இறக்காதீர்கள்.